வலிக்கவே வலிக்காது மேடம்!

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்திக்குத் துணையா ஒரு லேசர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். "இந்த மெஷினுக்கு லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேட்டேன். "வலிக்கவே வலிக்காது மேடம்"னு பதில் வந்தது. நான் கேட்டது அது இல்லையே! ஆனா அந்தப் பதிலுக்கு வயசு நூறு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் டேனியல் என்ற பேராசிரியர், கூட வேலை பார்த்தவரின் தலையை எக்ஸ்-ரே எடுத்தார். 21 நாள் கழித்து அந்த இடத்தில் முடி கொட்டிப்போச்சு. எச்சரிக்கை மணி அது. சிலர் காதில் கல்லாப்பெட்டி சத்தமா விழுந்துச்சு.

1904-ல் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்-ரே குழாய்களோடு வேலை செய்து புற்றுநோய் வந்து இறந்தார். ஆக, தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாது. அப்படியும் 1920களில் நியூயார்க் டாக்டர் ஆல்பர்ட் கெய்சர் 'ட்ரிக்கோ' மெஷினைக் கொண்டுவந்தார். முகத்து முடியை எக்ஸ்-ரேயால் நீக்கும் மெஷின். அது போனது பியூட்டி பார்லர்களுக்கு. இயக்கினது டாக்டர் இல்லை, கொஞ்ச நாள் பயிற்சி வாங்கின பார்லர் ஊழியர்கள்.

என்னை உறுத்துறது என்னன்னா, மெஷின் வேலை செஞ்சுது. வலி இல்லை, முடி நிஜமாவே உதிர்ந்தது. போனவங்க அக்கா தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருப்பாங்க. தோல் சுருங்கி, தடித்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயே வந்தது வருஷங்கள் கழித்து.

1929-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் கண்டித்தது. சீக்கிரமே கம்பெனி மூடியாச்சு. பல பெண்களுக்கு முகத்தில் புண் வந்தப்போ, போய்க் கேட்க அங்கே யாரும் இல்லை.

சட்டம் என்ன பண்ணிச்சு? அமெரிக்காவின் 1906 உணவு, மருந்துச் சட்டத்தில் கருவிகள் பற்றிப் பேச்சே கிடையாது. மருந்தில் கலப்படம்னா பிடிக்கலாம், மெஷினைத் தொட முடியாது. 1938-ல்தான் கருவிகளும் சட்டத்துக்குள் வந்தன. ஆபத்தான கருவியை விற்கும் முன்பே சோதிச்சுக் காட்டணும்னு ஆக 1976. இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்தது 2020 ஏப்ரலில்.

ஃப்ரெண்ட் அன்னிக்கு அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போட்டா. லைசென்ஸ் நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்புறோம்னாங்க. இன்னும் வரலை.