'ஜாலி'யாக இருத்தலும் 'ஜாலி' பண்ணுதலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கடன்சொல்

பிரிக்பீல்ட்ஸில் ஏறத்தாழ ஒரே ஒலியுடைய சொல் நான்கு விதமாக வழங்குகிறது. தமிழகத்து வேருடைய குடும்பங்களில் 'ஜாலி'. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்து, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணத்தாரின் வழியில் 'ஜொலி'. மலாய்ப் பேச்சில் 'ஜோலி'. மலையாளி வீட்டிலும் 'ஜோலி'தான். ஆனால் அங்கே அதற்கு வேலை என்று பொருள். நெல்லைத் தமிழின் 'சோலி'யும், "ஜோலிக்குப் போகாதே" என்னும் தெலுங்கு வழக்கும் இந்த நான்காவதோடு சேரத்தக்கவை. முதல் மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகள்.

இக்கட்டுரை அந்த மூன்றில் இரண்டைப் பற்றியது. ஒரே சொல்லை ஒரே ஆங்கிலேயரிடம் வாங்கிய இரு சமூகங்களில், தமிழருக்கு அது பழிபாவமில்லாத உற்சாகமாகவும் மலாயருக்குக் காசைக் கரைக்கும் கூத்தாகவும் எப்படி ஆனது? வேர்ச்சொல் இதற்கு விடை தராது. சொல் எந்த இலக்கண இடத்தில் அமர்ந்தது, அமரும்போது பக்கத்து நாற்காலிகளில் யார் இருந்தார்கள் என்பதே விடை என்பது என் வாதம்.

வேரை முதலில் பார்த்துவிடலாம், அது அவ்வளவு தூரம் உதவாது என்று காட்டுவதற்காகவேனும். ஆங்கிலத்துக்கு இச்சொல் 1300ஐ ஒட்டிப் பழைய பிரெஞ்சின் 'ஜோலிஃப்' என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கொண்டாட்டமான, காமக் கிளர்ச்சியுள்ள, எழிலான எனப் பல பொருள்கள். அதற்கு அப்பால் வழி மங்கலாகிறது. வட ஐரோப்பியரின் குளிர்காலத் திருவிழாவான 'யோல்' என்பதோடு சேர்ப்போர் பலர். 911இல் வைக்கிங்குகள் நார்மண்டியில் குடியேறியதால் இந்த இணைப்புக்கு வரலாற்று வாசல் திறந்தே இருக்கிறது. மகிழ்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததென்போரும் உண்டு. ஆனால் அந்த வினையின் 'த' ஒலி 'ல'வாக மாறியதற்கு அவர்கள் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழாக் கதை கேட்க இனிமையானது. சொற்பிறப்பு நூல்களில் இனிமை பல வேளைகளில் சான்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டில் எது உண்மையானாலும் கிள்ளானில் இச்சொல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது விளக்காது. பிரெஞ்சிலேயே இன்று அது வெறும் 'அழகான'. சாசரின் ஆலைக்காரன் கதையில் கோயில் எழுத்தன் அப்சொலனுக்கு ஒட்டும்போது அதில் காமம் துள்ளுகிறது. பின்னாளைய ஆங்கிலத்தில், நல்லது என்பதற்கு முன் வரும்போது, 'ரொம்ப' என்னும் அளவுக்குச் சாரம் வற்றிவிட்டது.

இந்தப் பட்டியலைப் பார்க்கும் தமிழ் மாணவருக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் இராது. உவகைக்குச் செல்வம், புலன், புணர்ச்சி, விளையாட்டு என நான்கு நிலைக்களன்கள் அங்கே சொல்லப்படுகின்றன. மலாய் 'ஜோலி' செல்வத்தில், பிரெஞ்சு 'ஜோலி' புலனில், சாசரின் சொல் புணர்ச்சியில், தமிழ் 'ஜாலி' விளையாட்டில் நிற்பதாகச் சொல்லிவிடலாம். பொருத்தம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சான்றாகிவிடாது. உவகை எங்கெங்கே பிறக்கும் என்ற வரைபடத்தை அது தருகிறது. ஒரு சொல் ஏன் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குப் போனது என்பதை அது சொல்லாது.

ஒலியிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் அசையிலுள்ள குறில் உயிரைத் தமிழகம் 'ஆ'வாகக் கேட்டது: காபி, டாக்டர், லாரி, காலேஜ். யாழ்ப்பாணமும் மலாயும் ஒகர ஓகாரங்களாகக் கேட்டன. மலேசியத் தமிழ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் நாளேடுகள் 'லோரி' என்றே எழுதுகின்றன. கடைகளில் 'கோப்பி' கேட்கிறோம். ஆனால் மருத்துவர் 'டாக்டர்'தான். அன்றாடம் மலாய் வழியாகவும் சாலை வழியாகவும் வந்தவை உள்ளூர் உயிரை ஏற்றன. படத்தாலும் பத்திரிகையாலும் சென்னையிலிருந்து கப்பலேறியவை ஆகாரத்தோடு வந்திறங்கின. 'ஜாலி' இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. தோட்டத் துரையின் கிளப்பில் ஒலித்த சொல்லை வேலியோரம் நின்று கேட்டுத் தமிழர் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆகாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எனவே ஒரே ஆங்கிலேயரிடம் வாங்கியது என்று மேலே சொன்னதைத் திருத்தமாகச் சொன்னால்: கடை ஒன்று, வாசல் இரண்டு.

இனி இலக்கணம். மலாயில் 'ஜோலி', 'பெர்' என்னும் முன்னொட்டைப் பெற்று வினையாகிறது: 'பெர்ஜோலி'. ஒருவன் செய்யும் காரியம் அது. காரியம் என்றால் செய்தவன் உண்டு, செலவு உண்டு, யார் காசு என்ற கேள்வியும் உண்டு. பொதுப்பணத்தில் யாரோ உல்லாசப் பயணம் போனால் மலாய் ஏடுகளின் கைக்கு முதலில் வருவது இந்தச் சொல்தான். அடுத்த படி 'காக்கி ஜோலி'. காக்கி என்றால் கால். குடிகாரன் 'காக்கி போத்தோல்', சூதாடி 'காக்கி ஜூடி'. அந்த வரிசையில் நிறுத்தப்பட்ட சொல் நல்ல பெயர் எடுக்க வழியில்லை.

தமிழில் அது பெரும்பாலும் 'ஆக' சேர்ந்து 'இரு'வோடு வருகிறது. "நேத்து மோரிப்ல ஜாலியா இருந்துச்சு." இங்கே செய்பவனே இல்லை. பொழுது அப்படி இருந்தது, அவ்வளவே. பொழுதின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அதே வாய், அதே சொல்லை, 'பண்ணு'வோடு சேர்க்கட்டும்: "பரீட்சைய வச்சிக்கிட்டு ஜாலி பண்ணிக்கிட்டுத் திரியிறான்." உடனே குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது. திரிகிறவன் காலத்தை வீணாக்குகிறான். அப்பன் பணத்தையும் சேர்த்தே. மலாயர் 'பெர்ஜோலி'யில் கேட்கும் அதே தொனிதான் இது. தமிழர் இளகிய மனத்தர், மலாயர் கண்டிப்பானவர் என்பது போன்ற சமூக உளவியல் விளக்கங்கள் இங்கே தேவையற்றவை. சொல் வினையாகும் இடத்தில் இரு மொழிகளும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கின்றன.

இதற்கு ஒரு தடை எழும். மலாயில் 'பெர்கெம்பிரா' என்றால் மகிழ்ந்திருத்தல். அதுவும் 'பெர்' ஏற்ற வினைதான், அதில் பழி இல்லையே? உண்மை. முன்னொட்டு தனியாகப் பழியைக் கொண்டுவருவதில்லை. இங்கேதான் பக்கத்து நாற்காலிகளைப் பார்க்க வேண்டும். மலாயில் மனநிறைவான மகிழ்வுக்குக் 'கெம்பிரா' ஏற்கெனவே இருந்தது. கூடிக் களிக்கும் எளிய இன்பத்துக்குச் 'செரோனோக்' இருந்தது. நம் 'ஜாலியா இருந்துச்சு' என்பதற்கு மலாயில் நேர் இணை அதுவே. நல்ல இடங்கள் நிரம்பியிருந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த 'ஜோலி'க்குக் கிடைத்தது செலவாளியின் திண்ணை.

தமிழில் அந்த இடம் காலியாக இருந்தது என்பது முதற்பார்வையில் நம்பத்தக்கதாக இல்லை. மகிழ்ச்சி, களிப்பு, உவகை, இன்பம் எனச் சொற்களுக்கா பஞ்சம்? ஆனால் பேச்சில் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். 'மகிழ்ச்சி' மேடையேறிவிட்டது, தலைமையுரையில் அடையப்படுவது அது. வீட்டில் புழங்குவது 'சந்தோஷம்', அதற்கோ ஒரு காரணம் வேண்டும். மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சந்தோஷம். அதை ஜாலி என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். காரணமில்லாமல், நாலு பேர் சேர்ந்ததாலேயே வரும் இலேசான நிலைக்குப் பேச்சுத் தமிழில் 'குஷி' ஓரளவு பொருந்தும். அதுவும் வந்த சொல்லே.

பழைய சொற்கள் இப்படி ஒதுங்கியதற்கு அவற்றின் முன்வாழ்க்கையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். 'களி'யும் 'மகிழ்'வும் பழந்தமிழில் கள்ளோடு பிணைந்தவை. திருக்குறளின் 1281ஆம் பாடல் அவ்விரண்டையும் கள்ளையும் காமத்தையும் ஒப்பிடவே பயன்படுத்துகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பிணைப்பு ஏட்டோடு நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்ட களிப்பு, உரிமம் பெற்ற கள்ளுக்கடையில் விற்கப்பட்டது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சீனருக்கு நிகரான கூலியும், துரைக்கு எதிரில் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமையும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அருகருகே இருந்தன. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், படை வந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. ஆண்டான் விற்ற களிப்பை மறுப்பது தன்மானத்தின் பகுதி என்று அந்தத் தலைமுறை கருதியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் உற்சாகத்துக்குக் கள் மணம் படாத ஒரு சொல்லை ஏற்றதில் வியப்பில்லை. இது கருதுகோள்தான், 'ஜாலி' தமிழகத்திலும் பரவியிருப்பதால் கள்ளுக்கடை வரலாறு முழு விளக்கமாகாது. கிள்ளானில் சொல் எளிதாக வேரூன்றியதற்கான மண்ணை மட்டுமே அது காட்டுகிறது.

என் வாதத்துக்கு இணங்காத சான்று ஒன்றும் இருக்கிறது. 'இரு' வந்தால் பழியில்லை என்றேன். "அவன் ஜாலியா இருக்கிறான்" என்பதில் பழியில்லை. சற்றுப் பொறாமைகூட இருக்கலாம். எழுவாயைப் பெண்ணாக்கி, "அவ ஜாலியா இருக்கிறா" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, வாக்கிய அமைப்பு மாறாமலே பொருள் மாறிவிடுகிறது. 'ஜாலியான ஆளு' ஆணுக்குப் புகழ். பெண்ணுக்கு அப்படியொரு தொடரைப் பலர் சொல்லத் தயங்குவார்கள். சாசரின் காலத்துக் காமப்பொருள், தமிழர் அதை அறியாமலே, இங்கே திரும்ப முளைத்திருக்கிறது. பழைய பிரெஞ்சின் நினைவு ஒட்டியிருந்தது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. பெண்ணின் பொழுதுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கமே அதைப் புதிதாக உண்டாக்கியது.

ஆகவே மலேசியத் தமிழுக்கென ஓர் அகராதி தொகுக்கப்படும்போது, 'ஜாலி'க்கு 'உற்சாகம், கேளிக்கை' என்று இரு சொல் எழுதி நகர்ந்துவிடக் கூடாது. 'இரு'வோடு ஒரு பதிவு, 'பண்ணு'வோடு ஒரு பதிவு, எழுவாய் ஆணா பெண்ணா என்ற குறிப்பு, பக்கத்தில் மலாய் 'பெர்ஜோலி'க்கு ஒரு சுட்டு: இத்தனையும் வேண்டும். பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாண வீடுகளில் 'ஜொலி' எந்த வினையோடு சேர்கிறது என்பதையும், அதைச் சொல்லும் மூத்த தலைமுறை இருக்கும்போதே, கேட்டு எழுதிவிட வேண்டும்.