பகலில் வரும் புழு

யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுப்பவர்கள் ஊர் அடங்கிய பிறகே வருவார்கள். 1870களின் பிற்பகுதியில் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்ததுதான் அந்த வழக்கத்துக்கு அடிப்படை: நோயாளியின் தோலோர ரத்தத்தில் நுண்புழுக்கள் இரவில் மொய்க்கின்றன, பகலில் அநேகமாக மறைந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலும் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் பெருகி இருட்டில் கடிப்பது. அதனால் இரவுச் சோதனை இங்கே பொருந்தியது. நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்கூட்டம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. அங்குள்ள நிக்கோபாரியரின் ரத்தத்தில் புழு எந்நேரமும் இருக்கிறது, பகலில்தான் மிகுதியாகத் தென்படுகிறது. இந்த வகை அங்கே இருப்பது 1974இல் பதிவானது.

அங்கே நோயைக் கடத்தும் கொசுவும் பகலில் கடிப்பது. புழுவின் வேளையை வகுத்தது கொசுவின் வேளையே என்று கொள்ள இது இடம் தருகிறது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி தம் நோயாளியைப் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கச் செய்தார். புழுக்களும் நேரம் மாறி வந்தன. அப்படியானால் புழு பின்பற்றுவது மனிதரின் உறக்கத்தை அல்லவா? ஆனால் நான்கவுரி மக்களும் இரவில்தான் உறங்குகிறார்கள். அதே உறக்கத்தில் சென்னைப் புழு பெருகுகிறது, நான்கவுரிப் புழு குறைகிறது. உறக்கம் அன்றாடக் குறிப்பு மட்டுமே. அதைக் கேட்டு வெளியே வருவதா ஒதுங்குவதா என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்தது கொசு கடிக்கும் வேளைதான். நான்கவுரியில் நோயைக் கடத்துவது ஏடிஸ் நிவியஸ். மரப்பொந்தில் தேங்கிய நீரில் வளர்ந்து பகல் வெளிச்சத்தில் கடிக்கும் கொசு. பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவோடு இத்தகைய புழுவே காணப்படுகிறது.

ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கையில் பகலென்ன, இரவென்ன என்று கேட்கலாம். மாத்திரைக்கு வேளை இல்லைதான். ஆனால் அதை விழுங்காதவர்கள் எங்கும் உண்டு. அவர்களிடமிருந்து பரவுவதைத் தடுக்க வேறு கருவிகள் வேண்டும். தென் அமெரிக்காவில் சாகாஸ் நோயைப் பரப்பும் பூச்சி பகலில் சுவர் வெடிப்பில் பதுங்கி இருட்டியபின் கடிப்பது. சுவருக்கு மருந்தடித்ததும் பல இடங்களில் அது ஒழிந்தது. ஆனால் நான்கவுரியில் பகலில் தோப்பில் தேங்காய் பொறுக்குகிறவரைச் சுவர் மருந்தும் காக்காது, கொசுவலையும் காக்காது. காட்டுப் பொந்துகளை எல்லாம் அடைக்கவும் முடியாது. போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் மாத்திரையோடு, டி.இ.சி. என்னும் யானைக்கால் மருந்து கலந்த உப்பையும் நான்கவுரியில் கொடுத்துப் பார்த்தது இந்த நிலைக்குப் பொருந்தும் வழி. சோற்றோடு சேரும் மருந்து கொசுவின் நேரத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு தீவுக்கான திட்டத்தைத் தலைநகரின் பட்டியலிலிருந்து எடுப்பதைவிட, அங்குள்ள பூச்சி எப்போது, எங்கே கடிக்கிறது என்று பார்த்து வகுப்பதே சிக்கனமான வழி.