கதவைத் திறக்க இடமில்லாத படிக்கட்டு

இரும்பும் கல்லும் எரியாதுதானே? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயோர்க்கில் உயர்ந்த கட்டடங்களைக் கட்டியவர்களும் அப்பிடித்தான் நம்பினார்கள். இரும்புச் சட்டத்தில் ஸ்லேட் அல்லது சலவைக்கல் பலகையை வைத்தால் படி தயார். ஆனால் நெருப்புச் சூட்டில் கல் வெடித்து விழுந்துவிடும். மிஞ்சுவது வெறும் சட்டம். தீயணைக்க ஏறுகிறவர் அடுத்த காலை எங்க வைக்கிறது?

அதனால், கல்லுக்குக் கீழே முழு நீள அகலத்துக்கும் இரும்புத் தகடு இருக்கவேண்டும் எண்டு நகரத்தின் கட்டட விதி கேட்டது. பிறகு கல்லின் இடத்தைக் கொங்கிரீட் பிடித்தது. உருக்குத் தகட்டைத் தட்டுப் போல மடித்து, ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குக் கொங்கிரீட் நிரப்புவார்கள். காலடிச் சத்தம் குறையும், வழுக்காது. படிகள் திரும்புகிற இடைத்தளம், அதாவது லாண்டிங், படியைவிடப் பெரிய பரப்பு. தகடு தொய்யாமலிருக்க அடியில் குறுக்குச் சட்டங்களும் வேண்டும்.

இதெல்லாம் படி நெருப்பைத் தாங்குமா என்ற கேள்விக்கான பதில்கள். ஆட்களைத் தாங்குமா என்ற கேள்விக்கு ஆஷ் கட்டடத்தைப் பார்க்கவேணும்.

1901இல் கட்டி முடிந்த 10 மாடி அது. படிகள் உலோகத்தில் பதித்த ஸ்லேட், அகலம் 33 அங்குலம். அந்தப் பரப்புக்கு மூன்று படிக்கட்டுகள் வேண்டியிருந்தும் இரண்டுதான் கட்டப்பட்டன. வெளியே தொங்கிய இரும்புத் தப்பேணியை மூன்றாவதாகக் கணக்குக் காட்டினார்கள். தொழிற்சாலைக் கதவுகள் 'இயலுமான இடத்தில்' வெளிப்பக்கம் திறக்கவேண்டும் எண்டது தொழிற்சட்டம். இங்கோ கதவுக்கும் முதற் படிக்கும் இடையில் இருந்தது ஒரு படியின் அகலம் மட்டுமே. வெளியே திறக்க 'இயலாது'. ஆகவே எல்லாக் கதவும் உள்ளே திறந்தன.

1911 மார்ச் 25. மேல் மூன்று மாடிகளிலும் இருந்த ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் தீ. 8ஆம் மாடியில் கதவோடு நெருக்கிய பெண்களைப் பின்னுக்குத் தள்ளித்தான் அதை உள்ளே இழுக்க முடிந்தது. 9ஆம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. தப்பேணி ஆட்களோடு பெயர்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம் பெண்கள்.

கட்டடம் விழவில்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கட்டடமாக இன்றும் நிற்கிறது. 'தீத்தாங்கும்' எண்ட சொல்லை அது காப்பாற்றிவிட்டது. அந்தச் சொல் கல்லையும் இரும்பையும்தான் எண்ணியது, தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தவர்களை எண்ணவில்லை. சட்டத்தில் கிடந்த 'இயலுமான இடத்தில்' என்ற இரண்டு சொல்லுக்குள் அவர்களுக்கான இடம் காணாமல் போனது. கட்டட விதிகளையும் வரலாற்று ஆவணமாக நாங்கள் வாசிக்கவேணும் எண்டு சொல்லுறது இதுக்காகத்தான்.