பெட்ரோலை அளந்து பீய்ச்சிய கதை

1940-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்பகுதி வானில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானிகளுக்கு ஒரு தீராத தலைவலி. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 மூக்கைத் தாழ்த்திச் சட்டென்று கீழே பாய்ந்தால், இவர்களால் அப்படியே பின்தொடர முடியாது. பாய்ந்தால் எஞ்சின் மூச்சடைத்துத் திணறும். அதனால் விமானத்தை முதலில் பக்கவாட்டில் புரட்டிவிட்டு, அதன் பிறகே கீழே இறக்கினார்கள். அதற்குள் எதிரி எட்டாத தூரம் போயிருப்பான்.

குற்றவாளி கார்புரேட்டர். ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் இருந்தது மிதவை வைத்த கார்புரேட்டர். விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தும்போது கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் மேல்பக்கம் எழும்பிவிடும், ஜெட் என்ற துளைக்குப் போகாது. அடுத்த கணம் நிலைமை நேர்மாறு. மிதவை தடுமாறிவிட, பம்ப் தள்ளும் பெட்ரோல் முழுதும் உள்ளே பாய்ந்து எஞ்சினை மூழ்கடிக்கும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 எஞ்சினுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதில் எரிபொருள் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேரடியாகப் பீய்ச்சப்பட்டது. விமானம் எப்படிக் கவிழ்ந்தாலும் அளவு மாறாது.

பிரிட்டனுக்கு உடனடி விடை கொடுத்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். அவர் செய்தது நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு, அவ்வளவுதான். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அந்த அளவு மட்டும் போகும்படி துளையைக் கணக்கிட்டார். கூடுதலாக வந்து மூழ்கடிக்க வழியில்லை. விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே மாட்டிவிடலாம். 1941-இல் அவரும் ஒரு சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள்.

அது எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அல்ல. ஆனாலும் இன்ஜெக்டரின் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம். பெரிய அழுத்தம், பெரிய ஓட்டம் என்று பேசுகிறவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு: இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு முழுதும் அளவைப் பற்றியதுதான். சரியான துளை, சரியான நேரம், சரியான இடம்.

பீய்ச்சும் வித்தை அதற்கு முன்பே டீசலில் வேரூன்றியிருந்தது. ருடால்ஃப் டீசலின் முதல் எஞ்சின்கள் அழுத்திய காற்றைக் கொண்டு எரிபொருளை உள்ளே ஊதின. அதற்கென்று தனியாக ஒரு பெரிய கம்ப்ரசர் வேண்டும். லாரியில் அதைத் தூக்கிவைக்க முடியுமா? ராபர்ட் போஷின் நிறுவனம் 1922-இல் இந்த வேலையில் இறங்கி, 1927-இல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. டீசல் எஞ்சின் லாரிக்குள் வசதியாக உட்கார்ந்தது அதன் பிறகுதான். நாமக்கல், சங்ககிரி பக்கம் ‘பம்ப் நாசில்’ பட்டறைகளில் நடக்கும் வேலை இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. மெக்கானிக் நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி, எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கிறது, புகைபோல விரிகிறதா, மூக்கில் சொட்டு நிற்கிறதா என்று பார்ப்பார். சொட்டு நின்றால் அந்த நாசில் தேறாது.

பெட்ரோல் கார்களில் நேரடிப் பீய்ச்சலைப் புகழ்பெறச் செய்தது 1954-இல் வெளிவந்த மெர்சிடஸ்-பென்ஸ் 300 எஸ்எல். கதவுகள் சிறகுபோல மேலே திறக்கும் அந்தக் காரின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. அதற்கு முன்னோடியான 1952 பந்தயக் கார், மூன்று கார்புரேட்டர்களோடு 170 சொச்சம்தான். பொருத்திய விதமும் கவனிக்க வேண்டியது. பழைய எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருந்த துளைகளில் இன்ஜெக்டர்களை மாட்டிவிட்டு, பிளக்கை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். குறையும் இருந்தது. பம்ப் எஞ்சினோடு இணைந்து சுழல்வதால், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் நிற்கும்வரை பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டேயிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயிலைக் கழுவி அடியில் சேர்ந்து, ஆயிலை நீர்க்கவைத்தது.

மெக்கானிக்கல் பம்புக்குத் தெரியாத இந்த ‘நிறுத்து’ என்ற சொல்லை மின்சாரம் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்ற பெயரில் மின்காந்த வால்வு கொண்ட இன்ஜெக்டரை உருவாக்கியது. 1958-இல் கிரைஸ்லர் குழுமம் சுமார் 35 கார்களில் மட்டுமே அதைப் பொருத்தியது. அக்கால மின்னணு உதிரிகள் பானட்டுக்கு அடியிலிருந்த சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களுக்குத் திரும்பவும் கார்புரேட்டர் மாட்டப்பட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. காப்புரிமைகள் போஷிடம் போயின. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் போஷின் மின்னணு இன்ஜெக்ஷன் முறையான டி-ஜெட்ரானிக் வந்தது. தூண்டியது பந்தயம் அல்ல, அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு.

அதே 1967-இல் பந்தயத் தடம் இன்னும் மெக்கானிக்கல் முறையைத்தான் நம்பியது. லூகாஸ் நிறுவனத்தின் இன்ஜெக்ஷனோடு வந்த காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின், ஹாலந்தின் ஸான்ட்வூர்ட்டில் தன் முதல் போட்டியிலேயே பந்தய ஓட்டுநர் ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தேடித்தந்தது. சென்னை பாடியில் 1961-இல் டிவிஎஸ்ஸோடு கைகோத்தது இதே லூகாஸ்தான்.

மின்காந்த வால்வு வந்ததும் அளவு என்பது நேரக் கணக்காகிவிட்டது. அழுத்தம் மாறாது, துளை மாறாது. எத்தனை மில்லி விநாடி திறந்திருக்கிறது என்பது மட்டுமே மாறும். 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது எஞ்சின் இரண்டு முறை சுழல, 20 மில்லி விநாடி கிடைக்கிறது. 9,000-இல் 13 சொச்சம்தான். வால்வு எழும்பித் திறக்கவே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி போய்விடும்; பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்னும் தாமதம். ஆகவே கிடைக்கும் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கணக்குப் போடுவது ட்யூனர்களின் வழக்கம். 400 குதிரைத்திறன் எதிர்பார்க்கும் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு, ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 சிசி தர வேண்டியிருக்கும்.

அப்படியானால் 1,500 சிசி இன்ஜெக்டரை மாட்டிவிட்டால் நிம்மதிதானே? இல்லை. ஐட்லிங்கில் அதற்குத் தேவைப்படும் திறப்பு நேரம் வால்வின் தாமதத்துக்கு மிக அருகில் சுருங்கிவிடும். ஒவ்வொரு பீய்ச்சலும் ஒவ்வொரு அளவாக விழும்; எஞ்சின் குலுங்கும். அழுத்தத்தை ஏற்றி ஒப்பேற்றலாம் என்றாலும் லாபம் குறைவு. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலப்படிதான் கூடும்: 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் கிடைப்பது 15 சதவீதமே. டர்போ 1 பார் காற்றைத் திணிக்கிறதென்றால், அந்தக் கூடுதல் அழுத்தம் எதிர்க்காற்றைச் சமாளிக்கவே செலவாகிவிடும்.

பொருத்துவதில் இருக்கும் நுணுக்கம் இன்னொரு பாதி. இன்ஜெக்டரின் உடல் நீளம் எரிபொருள் ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு ஒத்துவர வேண்டும். மேல் ஓ-ரிங் 14 மில்லிமீட்டரா 11 மில்லிமீட்டரா என்று பார்க்க வேண்டும். ஜப்பானியக் கார்களில் 11 அதிகம். ஆயில் தடவாமல் அழுத்தினால் ரிங் கிழிந்து, சூடான எஞ்சின்மீது பெட்ரோல் கசியும். காயிலின் மின்தடையும் முக்கியம். 12 முதல் 16 ஓம்வரை உள்ள இன்ஜெக்டருக்காகச் செய்த ஈசியூவில் (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில்) 2, 3 ஓம் இன்ஜெக்டரை நேரடியாக இணைத்தால், மிகுதியான கரண்ட் பாய்ந்து உள்ளிருக்கும் டிரைவர் சர்க்யூட் கருகும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது இந்தியச் சந்தையின் புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போனது. காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி செட்டிங் செய்த கைகள் ஸ்கேனரைப் பிடிக்கப் பழகின. ஆனால் ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நான்கு சிலிண்டர்களின் புகையும் கலக்கும் இடத்தில் ஒரே ஆக்சிஜன் சென்சார் இருந்தால், அது சராசரியைத்தான் காட்டும். ஒரு இன்ஜெக்டர் 10 சதவீதம் குறைவாகவும் மற்றவை கொஞ்சம் கூடுதலாகவும் பீய்ச்சினால், திரையில் எண் சரியாகவே தெரியும். முழு பூஸ்டில் அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டன் உருகக்கூடும். அதனால்தான் பந்தயப் பட்டறைகள் புது இன்ஜெக்டர்களைக்கூட ஃப்ளோ பெஞ்சில் ஏற்றி, நான்கையும் ஒரே அழுத்தத்தில் அளவுக் குழாய்களில் பீய்ச்சவைத்து, அளவு ஒத்துப்போகிறவற்றை மட்டும் ஒரு செட்டாகச் சேர்த்து எஞ்சினில் மாட்டுகின்றன.