நீதிபதிக்கு ஓட்டா? உத்திரமேரூரும் புனேயும் தரும் விடைகள்

அமெரிக்காவில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருக்கும் நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடுவதுண்டு. அங்கே பல மாநிலங்களில் நீதிபதிகளும் தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்கிறார்கள். ஒஹையோ மாநிலத்தில் உயில், வாரிசுரிமை, தத்து முதலிய வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியை அந்தந்த வட்டார மக்களே 6 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். "என்னங்க இது, ஜட்ஜே வாசலில் வந்து ஓட்டுக் கேட்டால், நாளைக்கு நம்ம கேஸில் எப்படி நியாயம் சொல்வார்?" என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் குடும்பத் தகராற்றில் தீர்ப்புச் சொல்பவரை யார் அமர்த்துவது என்பது நமக்கும் பழைய கேள்வியே. நாம் விட்டு வந்த தமிழ்நாடும், வந்து வாழும் புனேயும் அதற்குத் தனித்தனியே விடை தேடியிருக்கின்றன.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபை

சுந்தரர் கதை நாம் எல்லோரும் அறிந்தது. திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. சபையார் ஓலையைப் படிக்கச் செய்கிறார்கள், சாட்சிகளின் கையெழுத்தைப் பார்க்கிறார்கள், பாட்டனாரின் வேறொரு ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். பிறகே தீர்ப்பு. இது பக்திக் கதைதான். ஆனாலும் 12ஆம் நூற்றாண்டில் இதைப் பாடிய சேக்கிழார் சோழர் கால ஊர்ச்சபை நடைமுறையை மனத்தில் வைத்தே காட்சியை அமைத்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம். பாட்டன் எழுதிய பத்திரம் பேரனைக் கட்டுமா என்ற வழக்கு, இன்றைய குடும்பச் சொத்து வழக்குகளுக்கு மூத்த அண்ணன் போன்றது.

குடவோலை

அப்படியானால் சபையின் பொறுப்புகளுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள்? உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த இரு கல்வெட்டுகள் இதை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. 921ஆம் ஆண்டு விதிப்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் கூடாது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை.

தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதும் விதி. கைக்குள் வேறு ஓலையை மறைக்க வழியில்லை! பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

இந்த வாரியங்கள் ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் கவனித்தவை. இன்றைய பொருளில் கோர்ட் அல்ல. ஆயினும் வழக்குகளை விசாரித்ததும் அதே ஊர்ச்சபை என்ற அமைப்புத்தான். இதைப் பெரிய ஜனநாயகம் என்று மார்தட்டவும் வேண்டாம். அது பிரமதேய ஊர். நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை, ஆகவே யாருக்கும் நன்றிக்கடன் படவில்லை.

புனேயின் வழி

மராட்டிய நாட்டில் வேறு வழி. வதன் உரிமை, பாகப்பிரிவினை, தத்து போன்ற வழக்குகளைப் பஞ்சாயத்து விசாரித்தது. வாதி, பிரதிவாதி இருவரும் ஏற்கும் பெரியவர்களே பஞ்சாயத்தார் ஆனார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக இருதரப்பும் முன்னதாகவே எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஊர் முழுதும் ஓட்டுப் போடவில்லை; வழக்காடுபவர்களே தங்கள் நீதிபதியைத் தேர்ந்தார்கள் எனலாம். 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தபின் எல்பின்ஸ்டன் 1819இல் எழுதிய அறிக்கையில் இம்முறையைப் பாராட்டியதோடு, அதன் தாமதத்தையும் ஊழலையும் மறைக்காமல் சொன்னார். 1827இல் பம்பாய் ஒழுங்குவிதிகள் வந்தபின் கோர்ட்டுகள் வலுப்பெற்றன. பஞ்சாயத்து மெல்லத் தேய்ந்தது.

பேஷ்வாவே நியமித்த நீதிபதியும் புனேயில் இருந்தார். சனிவார் வாடாவைப் பார்க்கப் போகும்போது ராமசாஸ்திரி பிரபுணேயை நினைக்காமல் வரக் கூடாது. 1773இல் பேஷ்வா நாராயணராவ் அங்கே கொல்லப்பட்டார். அடுத்துப் பேஷ்வா ஆன சிற்றப்பா ரகுநாதராவைக் குற்றவாளி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர் ராமசாஸ்திரி. சொல்லிவிட்டுப் பதவியை உதறிப் புனேயை விட்டே வெளியேறினார். நியமனம் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவருக்கும் அவர் கடன்படவில்லை.

இன்றைய நிலை

இந்தியாவில் நீதிபதிக்குத் தேர்தல் இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தின் இசைவோடு மாநில அரசு நீதிபதியை நியமிக்கிறது. 7 ஆண்டு நீதித்துறைப் பணியோ வழக்கறிஞர் அனுபவமோ வேண்டும். பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. உத்திரமேரூரில் இல்லாத ஒன்றைச் சட்டமே இங்கே கொண்டுவந்துவிட்டது என்பது மகிழ்ச்சி தருகிறது.

ஓட்டு, குடவோலை, பஞ்சாயத்து, நியமனம் என்று நான்கு வழிகளைப் பார்த்தோம். எந்த வழியிலும் கெட்டவர் நுழைய முடியும். நல்லவரும் வர முடியும். ஓட்டில் வந்தவர் மக்களின் கோபத்துக்கு அஞ்சலாம், நியமனத்தில் வந்தவர் அரசின் கோபத்துக்கு அஞ்சலாம். ஆகவே எந்த முறையையும் எடைபோட ஒரே படிக்கல்லை வைத்துக்கொள்வோம்: நாற்காலியில் உட்காரும்போது அவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? நம்ம தமிழ்ச் சங்கத்துக்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். கல்வெட்டுப்படி, கணக்குக் காட்டியவரா என்றும் சேர்த்தே.