கோலம் போடும் புரோகிராம்

தன்னைத் தானே நகலெடுக்கும் புரோகிராம் என்றதும் வைரஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கதை விளையாட்டில் தொடங்குகிறது. 1961-ல் பெல் ஆய்வகத்தில் மூன்று பேர் 'டார்வின்' என்றொரு ஆட்டம் ஆடினார்கள். புரோகிராம்கள் கம்ப்யூட்டர் நினைவகத்தில் பெருகி, எதிராளியின் நகல்களை அழிக்க வேண்டும்.

1990-ல் தாமஸ் ரே 'டியரா'வை உருவாக்கினார். 80 கட்டளைகள் கொண்ட ஒரே ஒரு புரோகிராமை உள்ளே விட்டார். நகலெடுக்கையில் பிழைகள் சேர்ந்து, 45 கட்டளைகளே கொண்ட ஒட்டுண்ணிகள் தாமாகத் தோன்றின! நகலெடுக்கும் பகுதி அவற்றிடம் இல்லை. பக்கத்தில் இருப்பதன் கட்டளைகளை வைத்தே பெருகின.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பொத்தேரி ரயில் பாதையிலேயே இருக்கும் தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974-ல் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள்.

இலக்கணம் என்றால்? ஒரு குறியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு குறிகளை வைக்கும் விதி. எளிய உதாரணம், 1968-ல் லிண்டன்மேயர் பாசி வளர்ச்சிக்குச் சொன்னது: 'அ' வந்தால் 'அஆ', 'ஆ' வந்தால் 'அ'. எழுதிப் பாருங்கள்: அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ. நீளம் 1, 2, 3, 5! கோலமும் இப்படித்தான். விதி சிறியது, வாசல் முழுக்க வளரும்.

ஒரு வித்தியாசம். டியராவில் புதுமை பிழையிலிருந்து வந்தது. கோலத்தில் விதியை மாற்றிப் பார்த்தவர்கள் வாசலில் குனிந்து புள்ளி வைத்த பெண்கள். டார்வின் ஆடியவர்களின் பெயர்கள் வரலாற்றில் உண்டு. இவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் வரலாற்றில் இவர்களுக்கும் ஒரு வரி வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?