ஹெலன் சுஸ்மான்

ஹெலன் சுஸ்மான் (நவம்பர் 7, 1917 - ஜனவரி 1, 2009) தென்னாப்பிரிக்க அரசியல்வாதியும் மனித உரிமைச் செயற்பாட்டாளரும் ஆவார். 1953 முதல் 1989 வரை 36 ஆண்டுகள் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். இவற்றுள் 1961 முதல் 1974 வரையான 13 ஆண்டுகள் இவர் தமது கட்சியின் ஒரே உறுப்பினராக அவையில் அமர்ந்து, இனவொதுக்கல் கொள்கையைத் தொடர்ந்து எதிர்த்து வந்தார்.

இளமை

ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஜெர்மிஸ்டன் என்னும் ஊரில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அங்கேயே பொருளாதார வரலாற்று விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1937 இல் மோசஸ் சுஸ்மான் என்ற மருத்துவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டங்களைப் பற்றி, அரசு அமைத்த ஃபேகன் ஆணையத்தின் முன் வைப்பதற்கான தகவல்களைத் திரட்டிய பணி இவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது.

நாடாளுமன்றத்தில்

1953 இல் ஐக்கியக் கட்சியின் சார்பில் ஜோகானஸ்பர்க்கின் ஹௌட்டன் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின மக்களுக்கு மேலும் நிலம் வாங்கி ஒதுக்குவதை எதிர்த்து அக்கட்சி 1959 இல் தீர்மானம் நிறைவேற்றியபோது, தாராளவாத உறுப்பினர்கள் சிலருடன் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தார். 1961 தேர்தலில் இக்கட்சியின் மற்ற உறுப்பினர்கள் அனைவரும் தோற்றனர். சுஸ்மான் மட்டும் 564 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

அக்காலத்தில் கறுப்பின மக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. கறுப்பின மக்களின் சார்பில் அவையில் இருந்த சில வெள்ளையினப் பிரதிநிதிகளின் இடங்களும் 1960 இல் நீக்கப்பட்டன. இதனால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் தங்கள் குறைகளைச் சுஸ்மானுக்கே எழுதினர். சட்டப்படி அவர் ஒரு வெள்ளையினத் தொகுதிக்கு மட்டுமே உறுப்பினராக இருந்தார்.

விசாரணையற்ற காவல்

1963 இல் நீதி அமைச்சர் ஃபோர்ஸ்டர், பிடியாணையின்றி ஒருவரைக் கைது செய்து 90 நாட்கள் வரை காவலில் வைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கும் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தார். காவலில் இருப்பவர் வழக்கறிஞரைச் சந்திக்க இயலாது. 90 நாட்கள் முடிந்ததும் அவரை மீண்டும் கைது செய்யலாம். முதன்மை எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சியும் ஆதரித்த இச்சட்டத்தை அவையில் எதிர்த்தவர் சுஸ்மான் ஒருவரே. கால வரையறையின்றிக் காவலில் வைக்க வகை செய்த 1967 ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தையும் அவர் தனியொருவராகவே எதிர்த்தார்.

கேள்வி நேரம்

தனி உறுப்பினரின் வாக்கால் எந்தச் சட்டத்தையும் தடுக்க இயலவில்லை. ஆயினும் அவை விதிகளின்படி, உறுப்பினர் எழுப்பும் கேள்விக்கு அமைச்சர் விடையளிக்க வேண்டியிருந்தது. இதைச் சுஸ்மான் முழுமையாகப் பயன்படுத்தினார். அனுமதிச் சீட்டுக் குற்றத்துக்காகக் கைதானோர் எத்தனை பேர், விசாரணையின்றிக் காவலில் இருப்போர் எத்தனை பேர், வாழிடங்களிலிருந்து அகற்றப்பட்டோர் எத்தனை பேர் எனத் தொடர்ந்து கேட்டார். விடைகள் அவைக் குறிப்பில் இடம்பெற்றன. நாளிதழ்கள் அவற்றை வெளியிட்டன. கடும் கட்டுப்பாடுகள் நிலவிய நாட்டில், அரசின் செயல்களை அரசே உறுதிப்படுத்திய ஆவணங்களாக இவை அமைந்தன. இவருடைய கேள்விகள் நாட்டிற்கு அவப்பெயர் தேடித் தருகின்றன என்று அமைச்சர் ஒருவர் குறைகூறியபோது, அவப்பெயருக்குக் காரணம் தமது கேள்விகள் அல்ல, அமைச்சரின் விடைகளே என்று இவர் மறுமொழி கூறியதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

ராபன் தீவு

உறுப்பினர் என்ற தகுதியைக் கொண்டு சிறைகளுக்கும் நேரில் சென்றார். 1967 இல் ராபன் தீவில் நெல்சன் மண்டேலாவைச் சந்தித்தார். கையில் நாட்சிச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்த காவலர் ஒருவர் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதை மண்டேலா அவரிடம் தெரிவித்தார். சுஸ்மான் இதனை அரசிடம் எடுத்துச் சென்றதையடுத்து அக்காவலர் அங்கிருந்து மாற்றப்பட்டார்.

விமர்சனங்கள்

கல்வி, சொத்து போன்ற தகுதிகளின் அடிப்படையிலான வாக்குரிமையையே இவரது கட்சி நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. அதன் வழிவந்த முற்போக்குக் கூட்டாட்சிக் கட்சி 1978 இல்தான் அனைவருக்குமான வாக்குரிமையை ஏற்றது. 1980களில் தென்னாப்பிரிக்கா மீதான பொருளாதாரத் தடைகளையும் சுஸ்மான் எதிர்த்தார். அவை கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பைப் பாதிக்கும் என்பது அவரது வாதம். வெள்ளையர் மட்டுமே இடம்பெற்ற நாடாளுமன்றத்தில் பங்கேற்றது அதற்கு ஏற்பு வழங்குவதாகும் என்றும் விடுதலை இயக்கத்தினர் சிலர் கருதினர்.

பிற்காலம்

1974 தேர்தலில் இவரது கட்சியைச் சேர்ந்த மேலும் சிலர் வென்றதால் இவரது தனிமை முடிவுக்கு வந்தது. 1978 இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பரிசைப் பெற்றார். 1989 இல் நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். 1994 இல் அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலை நடத்திய ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா புதிய அரசியலமைப்பில் கையொப்பமிட்டபோது சுஸ்மானும் உடனிருந்தார். விசாரணையின்றிக் காவலில் வைப்பதற்கு எதிரான உரிமை அந்த அரசியலமைப்பில் இடம்பெற்றுள்ளது. 2009 ஜனவரி 1 அன்று தமது 91 ஆவது வயதில் ஜோகானஸ்பர்க்கில் காலமானார்.